அபாயம் என்ற சொல்லும் அதன் அளவும்

மின்சார நிலையங்களின் வேலியிலே, மண்டையோட்டையும் இரண்டு எலும்புகளையும் வரைந்து, "அபாயம்" என்று எழுதிய பலகையை நம்மில் காணாதார் இலர். அப்பலகை கூறுவது ஒன்றே: "கிட்ட வாராதே" என்பது. வழிப்போக்கனுக்கு அது போதும். ஆனால், கிட்டப் போவதையே தொழிலாகக் கொண்டவன் ஒருவன் இருக்கிறான். சுவிச்சுப் பலகையின் கதவைத் திறந்து, உள்ளே கைநீட்டிப் பழுதுபார்க்கும் மின்தொழிலாளியே அவன். அவனுக்கு "அபாயம்" என்ற ஒரு சொல் எதனை உணர்த்தும்? எவ்வளவு அபாயம்? எவ்வளவு தூரம் வரை? எதனை அணிந்தால் உயிர் தப்பலாம்? இவ்வினாக்களுக்குரிய விடையை அந்தச் சுவிச்சுப் பலகையின் மீதே எழுதி ஒட்டவேண்டும் என்ற கொள்கை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவான வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

மின்சாரத்தால் வரும் தீங்கு என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்னதிர்ச்சி. அது கம்பியைத் தொட்டவனைத் தாக்குவது. தொடாதவனையும் தாக்கும் தீங்கு ஒன்று உண்டு. அதற்கு மூலம் மின்வில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ருஷ்யாவிலே பெத்ரோவ் என்பாரும் இங்கிலாந்திலே ஹம்பிரி டேவி என்பாரும் இதனை ஆராய்ந்தனர். பெரியதொரு மின்கல அடுக்கின் முனைகளில் இணைத்த இரு கரித்துண்டுகளைத் தொடச்செய்து, பின் சற்றே விலக்கினால், இடைவெளியிலே கண்ணைப் பறிக்கும் சுடர் தோன்றும். சூடேறிய காற்று மேலெழ, அச்சுடர் வில்லைப்போல் வளையும். பெயரும் அதனாலேயே வந்தது. 1878இல் பாரிஸ் நகர வீதியிலே விளக்காய் எரிந்ததும், இன்று பட்டறைகளில் இரும்பை ஒட்டவைப்பதும் இந்த மின்வில்லே.

கட்டுக்குள் நிற்கும்வரை அது ஏவலாள், கட்டுமீறினாலோ எமன். சுவிச்சுப் பலகையினுள் கைதவறி ஒரு கருவி விழுந்தாலும் போதும், இரு கடத்திகளுக்கிடையே மின்வில் மூண்டுவிடும். அதன் வெப்பம் 20,000 பாகை செல்சியஸை எட்டக்கூடும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,500 பாகைதான். செம்பு உருகுவதோடு நில்லாது ஆவியாகி, ஏறத்தாழ 67,000 மடங்கு விரிகிறது என்பர். அதனால் எழும் வெடிப்பு, உருகிய உலோகத் துளிகளை எதிரே நிற்பவன் முகத்தில் வீசுகிறது. ஒரு வினாடிக்குள் யாவும் நடந்து முடிந்துவிடும். விலகி ஓட அவனுக்கு அவகாசம் இல்லை. ஆகவே, அறியவேண்டியதைக் கதவைத் திறக்குமுன்னரே அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

இத்தீங்கை அளவிட்டுக் கூறும் முயற்சிக்கு அடிகோலியவர் ரால்ஃப் லீ என்னும் மின்பொறியியலாளர். 1982இல் வெளியான ஆய்வுரை ஒன்றில், மின்வில்லின் எரிகாயத்தை மின்சாரத்தின் "மற்றைய அபாயம்" என்று அவர் குறிப்பிட்டார். மின்வில்லிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பவனுடைய தோல் எவ்வளவு வெந்துபோகும் என்பதைக் கணக்கிடும் வழியையும் காட்டினார். ஆறக்கூடிய புண்ணுக்கும் ஆறாத புண்ணுக்கும் இடையே அவர் கொண்ட எல்லை, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1.2 கலோரி. ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்குவது ஒரு கலோரி. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றுகிறது அல்லவா? ஆயின், அந்த அற்ப வெப்பம் ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு நேரத்தில் வெறுந்தோலின்மேல் விழுமாயின், தோல் கொப்புளித்துவிடும்.

அறிவு பிறந்தது, அது கதவுவரை வந்து சேர்வதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. தொழிற்றலங்களில் மின்பாதுகாப்புக்கான "70ஈ" என்னும் நியமத்தை அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1979இல் முதன்முதல் வெளியிட்டது. அதன் 1995ஆம் ஆண்டுப் பதிப்பே மின்வில்லுக்கு அணுகெல்லை வகுத்தது. 2002இல் அந்நாட்டுத் தேசிய மின்விதிக்கோவை, வீடுகள் ஒழிந்த ஏனைய இடங்களிலுள்ள சுவிச்சுப் பலகைகளில், பணிசெய்வோர் கண்ணிற் படுமாறு மின்வில் எச்சரிக்கையைப் பொறிக்கவேண்டும் என்று விதித்தது. ஆனால், எழுதவேண்டியது எச்சரிக்கை மாத்திரமே. அளவு எதுவும் கேட்கப்படவில்லை. வேலியிலிருந்த பலகை கதவுக்கு இடம் மாறியது என்றே கூறலாம்.

அந்த ஆண்டிலேயே, மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவனம், சோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, "1584" என்னும் கணிப்பு வழிகாட்டியை வெளியிட்டது. கணக்கிட வழி கிடைத்தபின், கணக்கை எழுதாதிருக்க நியாயமில்லை. 2009ஆம் ஆண்டுப் பதிப்பு, தாக்கக்கூடிய வெப்ப ஆற்றலையோ அணியவேண்டிய பாதுகாப்பு உடையின் தரத்தையோ சீட்டில் எழுதவேண்டும் என்றது. 2012இல், மின்னழுத்தமும் மின்வில் எல்லையும் சேர்ந்தன. வெப்ப ஆற்றலை எழுதினால், எவ்வளவு தூரத்துக்கு அந்தக் கணக்கு என்பதையும் உடன் எழுதவேண்டும் என்றனர். சாதாரண சுவிச்சுப் பலகைக்கு அத்தூரம் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர். தொழிலாளியின் முகமும் மார்பும் நிற்கும் இடம் அது. தூரம் கூறாத வெப்பக் கணக்கு, ஊர்ப்பெயரில்லாத முகவரி போன்றது.

இனி, இவ்வரலாற்றில் வியப்பான ஒரு திருப்பம். கூடுதலாக எழுதினால் நன்மை கூடும் என்றே நாம் எண்ணுவோம். 2015ஆம் ஆண்டுப் பதிப்போ, வெப்ப ஆற்றலையும் அட்டவணையிலிருந்து எடுத்த உடைவகுப்பு எண்ணையும் ஒரே சீட்டில் எழுதலாகாது என்று தடுத்தது. ஒன்று அந்த இடத்துக்கென்றே கணித்தது. மற்றையது பொது அட்டவணையிற் கண்டது. இரண்டும் முரண்படுமாயின், கையுறையை அணிந்து நிற்கும் தொழிலாளி எதனை நம்புவான்? எளியதை நம்புவது மனித இயல்பு. அந்த இயல்பை அறிந்தே ஒன்றை விலக்கினர். சீட்டை எழுதி, ஒட்டி, பேணும் பொறுப்பு மின்கருவியின் உரிமையாளரையே சாரும் என்பதையும் அதே பதிப்பு வரையறுத்தது.

பேணுவது ஏன்? ஒட்டிய சீட்டு மாறாது, மின்னிணைப்போ மாறும். புதிய நிலைமாற்றி வரும், சுற்றுடைப்பான் வேறாகும். குறுஞ்சுற்று மின்னோட்டம் குறைந்தால் அபாயமும் குறையும் என்று நினைப்பது தவறு. மின்னோட்டம் குறையும்போது சுற்றுடைப்பான் தாமதித்தே அறுக்கலாம். எரியும் நேரம் நீள, வெந்தபுண் பெரிதாகும். ஆகவே, ஐந்தாண்டுக்கு மேற்படாமல் கணக்கை மீளப் பார்க்கவேண்டும் என்று நியமம் கூறுகிறது. 1,200 அம்பியரும் அதற்கு மேற்பட்டதுமான முதன்மை இணைப்புக் கருவிகளில் சீட்டு ஒட்டிய தேதியையும் எழுதவேண்டும் என 2017இல் மின்விதிக்கோவை விதித்தது. தேதியில்லாத எச்சரிக்கை, மெய்யாக இருந்தது பொய்யான நாளைத் தன்னுள்ளே மறைத்துக்கொள்ளும்.

நேயர்களே, இச்சிறு சீட்டு மின்வில்லைத் தடுப்பதில்லை. வேலைக்கு அனுமதி தருவதுமில்லை. மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியதைச் சோதித்து உறுதிசெய்து, அதன்பின் கைவைப்பதே முதல் விதி. அந்த உறுதியைச் செய்யும் வரையிலுங்கூட அபாயம் நீங்குவதில்லை. அவ்வேளைக்கு உடை எது, எல்லை எது என்று கூறுவதற்கே சீட்டு. கணக்கு அறிந்தவன் அலுவலகத்தில் இருக்கிறான். காயம்படக்கூடியவன் கதவின் முன்னே நிற்கிறான். முன்னவன் அறிந்ததைப் பின்னவன் கண்முன் கொண்டுவந்து வைக்க, இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மின்னழுத்தம், எல்லை, வெப்பமோ உடையோ, அதற்குரிய தூரம், தேதி என்னும் அந்த ஐந்தாறு வரிகளுக்கு உள்ள மதிப்பு அதுவே.