வீட்டு பீர் போட்டி நடுவர்கள்

வீட்டில் பொழுதுபோக்காகக் காய்ச்சிய பீரை, காய்ச்சியவர் யார் என்று தெரியாமலே சுவைத்து, மதிப்பெண் இட்டு, நிறைகுறைகளைத் தாளில் எழுதித் தருபவர் வீட்டு பீர் போட்டி நடுவர். இதற்கு ஊதியம் இல்லை. அமெரிக்காவில் நடுவர்களுக்குத் தேர்வு நடத்தித் தரநிலை வழங்குவது, 1985இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் (பி.ஜே.சி.பி.). 1995 முதல் அது தனி அமைப்பாக, தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது.

வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்ததே தாமதமாகத்தான். அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஒரு வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன் (சுமார் 380 லிட்டர்), இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் என்பது வரம்பு. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013 வரை வீட்டில் காய்ச்சுவதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் காய்ச்சுபவர்களின் சங்கங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் மால்ட்டோஸ் ஃபால்கன்ஸ் சங்கம் 1974இலேயே தொடங்கிவிட்டது.

ஒரு போட்டிக்கு எத்தனை நடுவர் வேண்டும் என்பது எளிய கணக்கு. ஒரு பீரை இருவர் சேர்ந்து சுவைக்க வேண்டும். எழுதுவதையும் சேர்த்து ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஓர் அமர்வில் ஓர் இணை பத்து பீருக்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். 240 பீர் வந்திருந்தால் 24 இணை-அமர்வுகள். அவற்றை மூன்று அமர்வுகளில் முடிக்க 16 நடுவர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவர்களில் பெரும்பாலோர் தாங்களும் காய்ச்சுபவர்கள்; தம் பீர் போட்டியிடும் பிரிவில் அவர்கள் உட்காரக் கூடாது. ஒரே ஊர்ச் சங்கத்தை மட்டும் நம்பினால் பல மேசைகளுக்கு ஆள் கிடைக்காது. நடுவர் சமூகம் ஊரளவில் நில்லாமல் வட்டார அளவில் வளர்வதற்கு முதற்காரணம் இதுவே. டெக்சஸில் பல ஊர்ச் சங்கங்களின் போட்டிகளை இணைத்து நடக்கும் லோன் ஸ்டார் சர்க்யூட் போன்ற தொடர்கள் இங்கே கைகொடுக்கின்றன. இந்த மாதம் பக்கத்து ஊருக்குப் போய் மேசையில் உட்கார்ந்தவர், அடுத்த மாதம் அந்த ஊர்க்காரர்களைத் தம் போட்டிக்கு உரிமையோடு அழைக்கலாம்.

மதிப்பெண் தாள் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. இருவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுதி முடித்த பிறகே எண்களை ஒப்பிடுகிறார்கள். ஒருவர் 24, மற்றவர் 36 என்றால் இருவரும் மீண்டும் முகர்ந்து, பேசி, எண்களை நெருக்கிக் கொண்டுவர வேண்டும். புதியவர் தொழில் கற்பது இந்தப் பேச்சில்தான். ஆகவே புதியவர் இருவரை ஒரே மேசையில் விடாமல், அனுபவசாலி ஒருவரோடு ஒருவராகச் சேர்த்து அமர்த்துவது நல்ல அமைப்பாளரின் வழக்கம்.

தேர்வு படிப்படியானது. முதலில் இணையவழி நுழைவுத் தேர்வு. அதன்பின் 90 நிமிடங்களில் ஆறு பீர்களுக்குத் தாள் எழுதும் சுவைத் தேர்வு. இதில் 60 விழுக்காடு பெற்றவர் ‘ரெகக்னைஸ்டு’ நிலையை அடைகிறார். ‘சர்ட்டிஃபைடு’ ஆக 70 விழுக்காடும், போட்டிகளில் பணியாற்றிச் சேர்த்த அனுபவப் புள்ளிகளும் தேவை. ‘நேஷனல்’ நிலைக்கு எழுத்துத் தேர்வும் உண்டு. சுவைத் தேர்வு நடக்கும்போது பக்கத்து அறையில் மூத்த நடுவர்கள், பொதுவாக நேஷனல் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையினர், அதே ஆறு பீர்களைச் சுவைத்து எழுதுகிறார்கள். தேர்வரின் தாள் அவர்களுடையதோடு ஒப்பிடப்படுகிறது. மூத்தவர்கள் இல்லாத வட்டாரத்தில் இத்தேர்வை நடத்துவது கடினம். வெளியிலிருந்து அவர்களை வரவழைக்கும் பயணச் செலவைச் சங்கங்கள் பங்கிட்டுக்கொள்வது, புத்தகம் வாங்குவதைவிடப் பயனுள்ள முதலீடு.

தேர்வுக்கு முன் படிப்புக் குழுக்கள் வாரந்தோறும் கூடுகின்றன. சுவை மெலிந்த லாகர் பீரில் குறைச்சுவைப் பொருள்களை அளந்து கலந்து பழகுவது முக்கியப் பயிற்சி. டைஅசிட்டைல் வெண்ணெய் மணம் தரும். டைமெதில் சல்ஃபைடு வேகவைத்த சோளத்தையும், அசிட்டால்டிஹைடு பச்சை ஆப்பிளையும் நினைவூட்டும். டைஅசிட்டைலைச் சிலரால் மிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடிக்க முடியும். சிலருக்கோ அது எளிதில் பிடிபடாது. தம் மூக்கின் குருட்டுப் புள்ளியை அறிந்தவர், மேசையில் பக்கத்து ஆள் ‘வெண்ணெய்’ என்றதும் மறுத்து வாதாடாமல் குவளையை மறுபடி எடுப்பார்.

புதிய நடுவர்கள் பெரும்பாலும் ஸ்டீவர்டுகளிலிருந்தே வருகிறார்கள். பாட்டில் கொண்டுவருவது, தாள்களைக் கூட்டிச் சரிபார்ப்பது ஆகியவை ஸ்டீவர்டின் வேலை. மேசையருகே நின்று மிஞ்சியதைச் சுவைத்து, நடுவர்களின் பேச்சைக் கேட்டவருக்கு ஆர்வம் தானாக வரும். ஆனால் தேர்வில் தேறியவர்களில் பலர் ஓரிரு போட்டிக்குப் பின் காணாமல் போகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லிப் பதினொன்றுக்குத் தொடங்குவது, ஆள் குறைந்ததால் ஒரே இணையின் தலையில் பதினைந்து பீரைக் கட்டுவது, மதிய உணவை மறந்துவிடுவது போன்றவையே காரணம். தாள்களை அனுப்புமுன் மூத்தவர் ஒருவர் படித்துப் பார்த்து, ‘நன்று’ என்ற ஒரே சொல்லோடு நின்ற தாளை எழுதியவரிடமே திருப்பித் தருவதும் சில போட்டிகளில் உண்டு. புதியவருக்குச் சற்று உறுத்தினாலும், அடுத்த தாளில் மால்ட் ரொட்டிபோல் மணந்ததா கேரமல்போல் மணந்ததா என்பதை அவர் எழுதிவிடுகிறார்.