ஈரானில் இல்லாத ஈரானித் தேநீர்: புனேயின் பழைய உணவகங்களும் இருக்கையின் வரலாறும்

புனே நகரின் டெக்கான் ஜிம்கானா பகுதியில், ஃபெர்குசன் கல்லூரிச் சாலையின் தென்முனையில், 'கஃபே குட்லக்' என்னும் உணவகம் 1935 முதல் இயங்கி வருகிறது. அதை நிறுவியவர் உசேன் அலி யக்ஷி என்னும் ஈரானியர். அந்தச் சந்திப்புக்கே குட்லக் சௌக் என்ற பெயர் நிலைத்துவிட்டது; ஆட்டோ ஓட்டுநரிடம் அப்பெயரைச் சொன்னால் போதும். காலையில் அங்கு வருவோர் கேட்பது பெரும்பாலும் பன் மஸ்கா, ஆம்லெட், ஈரானித் தேநீர். இவற்றுள் 'மஸ்கா' என்ற சொல் மட்டுமே பாரசீகம். வெண்ணெய் என்று பொருள். பன்னும் ஆம்லெட்டும் ஐரோப்பியர் வழி வந்தவை. தேநீரோ ஈரானில் பால் கலவாதது. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் குவளையில் பருகப்படுவது. பாலில் கொதித்துத் தடித்த 'ஈரானித் தேநீர்' இந்தியாவில் பிறந்தது. ஈரானுக்குச் செல்பவர் அதைத் தேடினால் கிடைக்காது.

புலம்பெயர்ந்தோர் உணவகங்களில் இத்தகைய திரிபு வியப்புக்குரியதன்று. நியூயார்க்கின் பழைய இத்தாலிய அமெரிக்க உணவகங்கள் இதற்கு நன்கறியப்பட்ட சான்று. கிழக்கு ஹார்லெமின் ராவ்ஸ் 1896இலும், பன்னிரண்டாம் தெருவின் ஜான்ஸ் 1908இலும் தொடங்கப்பட்டவை. 1880களுக்கும் 1924க்கும் இடையில் அமெரிக்கா சென்ற ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியருள் பெரும்பாலோர் வறிய தென்னித்தாலியினர். ஊரில் இறைச்சி அவர்களுக்குத் திருவிழா உணவு. அமெரிக்காவிலோ அது மலிவு. தட்டு நிறைந்த ஸ்பகெட்டியின் மேல் பெரிய இறைச்சி உருண்டைகளை அடுக்கும் வழக்கம் அந்த மலிவில் பிறந்தது. அவ்வுணவைப் போலியென்று இத்தாலியிலிருந்து வருவோர் ஏளனம் செய்வதுண்டு. பசித்த ஊரை விட்டுவந்தவர்கள் தம் வயிறு நிறைந்ததைக் கொண்டாடிய உணவு அது என்பதை அந்த ஏளனம் மறந்துவிடுகிறது. எனினும் புனேயின் ஈரானியரோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு முனைப்பாகத் தெரிகிறது. நியூயார்க்கின் இத்தாலியர் முதலில் தம்மவர்க்குச் சமைத்தனர். பிறகே அயலாரை ஈர்த்தனர். ஈரானியர் முதல் நாளிலிருந்தே அயலார்க்குத்தான் பரிமாறினர். தம் வீட்டுச் சமையலை அவர்கள் கடையில் வைக்கவேயில்லை எனலாம். ஏன் என்பதே இங்கு எழும் வினா.

இந்தியாவில் ஈரானியர் என்ற பெயர் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்தில் குடியேறிய பார்சிகளைக் குறிப்பதன்று. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து வந்தவர்களே இவர்கள். கஜார் அரசர் ஆட்சியில் ஜரதுஷ்டிர சமயத்தார் ஜிஸ்யா என்னும் தலைவரியும் பல இழிவுகளும் சுமந்து வாழ்ந்தனர். அவர்கள் நிலையை மேம்படுத்தும் பொருட்டுப் பம்பாய்ப் பார்சிகள் 1854இல் மாணெக்ஜி லிம்ஜி ஹதாரியாவைத் தூதராக அனுப்பினர். நெடுநாள் முயற்சிக்குப் பின் 1882இல் ஜிஸ்யா நீக்கப்பட்டது. அதற்கிடையே 1870களின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும்பஞ்சம் பலரைக் கடல் கடக்கச் செய்தது. வந்தவர்கள் அனைவரும் ஜரதுஷ்டிரர் அல்லர். ஷியா முஸ்லிம்களும் இருந்தனர். குட்லக் முஸ்லிம் ஈரானியர் தொடங்கியது. கிழக்குத் தெருவில் 1955இல் தொடங்கப்பட்டு ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டால் பெயர் பெற்ற கயானி பேக்கரி ஜரதுஷ்டிர ஈரானியருடையது. புனேக்காரர்களுக்கு இரண்டும் 'இராணி' கடைகளே.

வந்தவர்கள் செல்வர் அல்லர். மெஹர் பாபா என்று பின்னாளில் உலகறிந்த மெர்வான் ஷெரியார் இரானி 1894இல் புனேயில் பிறந்தார். அவர் தந்தை ஷெரியார், ஈரானில் நாடோடித் துறவியாய் அலைந்து இந்தியா வந்தவர். புனேயில் தேநீர்க் கடையும் பின்னர்க் கள்ளுக்கடையும் நடத்திக் குடும்பம் காத்தார். ஞானி ஒருவரின் வரலாற்றில் அடிக்குறிப்பாகக் கடந்துவிடப்படும் இச்செய்தி, சமூக வரலாற்றுக்கு முதன்மையானது. நிலமும் சாதியும் உறவும் இல்லாத ஊரில் சிறுமுதலுடன் தொடங்கக்கூடிய தொழில் தேநீர்.

ஆனால் அன்றைய புனேயில் தேநீர் எளிய பொருளாக இருக்கவில்லை. 1890 அக்டோபரில், நகரின் பஞ்ச ஹௌத் மிஷனில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் புனேயின் முன்னணி அறிஞர்கள் சென்றிருந்தனர்; ரானடே, திலகர், கோகலே ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். கூட்டத்தின் முடிவில் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. சிலர் பருகினர், சிலர் மரியாதைக்காகக் கோப்பையைக் கையில் வாங்கிக் கீழே வைத்தனர். ஆனந்திபாய் ஜோஷியின் கணவரான கோபால்ராவ் ஜோஷி, வந்திருந்தோரின் பெயர்களை இதழில் வெளியிடச் செய்தார். வைதிகர் கொதித்தெழுந்தனர், வழக்கு சங்கராச்சாரியார் வரை சென்று விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தாம் காசியில் முன்னரே பிராயச்சித்தம் செய்துகொண்டதாகத் திலகர் வாதிட்டார். ரானடேயும் இறுதியில் பிராயச்சித்தம் ஏற்றார். சீர்திருத்தத் தோழர்கள் பலர் அதனால் மனம் வருந்தினர். பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியான ஒருவர் ஒரு கோப்பைத் தேநீருக்காகத் தலைகுனிய வேண்டியிருந்தது. 1868இலேயே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதோர்க்குத் திறந்துவிட்ட ஜோதிராவ் பூலே, இந்தத் தேநீர்ப் பூசல் மூண்ட அடுத்த மாதம், 1890 நவம்பர் 28 அன்று, அதே நகரில் காலமானார். சீர்திருத்த வரலாறுகள் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அரிது.

இப்பின்னணியில் வைத்தால்தான் ஈரானி உணவகத்தின் அமைப்பு பொருள் பெறுகிறது. சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார், பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவர் யார் என்ற வினாக்களே அன்று உணவை ஆண்டன. பிராமணர் நடத்திய உணவகங்கள் அவ்வினாக்களுக்கு விடை தந்தன. சமையற்காரர் பிராமணர் என்று பலகையே கூறியது. ஈரானியர் எந்த விடையும் தராமல் அவ்வினாக்களையே ஒதுக்கிவைத்தனர். அவர் இந்து அல்லர். சாதி அடுக்கில் அவருக்கு இடமில்லை. அவரிடம் உண்பது குற்றமெனில் எல்லாச் சாதியார்க்கும் ஒரே அளவு குற்றம். பன், பிஸ்கட், தேநீர் ஆகியவற்றுக்கு எந்தச் சாதியின் அடுப்போடும் உறவில்லை. வீட்டுச் சமையலை அவர் கடையில் வைக்காததன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று கருதலாம். பாரசீக உணவு அவரை ஓர் இனத்தவராக அடையாளம் காட்டியிருக்கும். பன்னும் தேநீரும் அவரை வெறும் கடைக்காரராக வைத்திருந்தன. பம்பாயில் 1923இல் தொடங்கப்பட்ட பிரிட்டானியா உணவகம் இன்று பெர்ரி புலாவுக்குப் புகழ்பெற்றது. ஈரானின் ஸெரெஷ்க் பழம் சேர்ந்த அச்சோறு, கடை தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தே உணவுப்பட்டியலில் ஏறியது. பழமைக்குப் பெயர்போன கடையில் 'மரபுவழி' உணவே பிற்சேர்க்கை!

இருக்கைகளின் கதையும் சுவையானது. ஈரானி உணவகத்தின் அடையாளமாகிய வளைமர நாற்காலி, வியன்னாவின் மிக்கேல் தோனெட் 1859இல் வடிவமைத்த 14ஆம் எண் நாற்காலியின் வழிவந்தது. ஆறே மரத்துண்டுகளும் சில திருகுகளும் கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். மத்திய ஐரோப்பாவின் காபிக் கடைக்கெனப் பிறந்த அது, கப்பலேறிப் பம்பாய்க்கும் அங்கிருந்து புனேக்கும் வந்தது. அதனுடன் சலவைக்கல் பதித்த மேசை, சுவரெங்கும் கண்ணாடி, வாயிலருகே உயர்ந்த கல்லா, அதன்மேல் பிஸ்கட் ஜாடிகள். சலவைக்கல்லைத் துடைப்பது எளிது. கல்லாவில் இருப்பவர் திரும்பாமலே அறை முழுவதையும் காணக் கண்ணாடி உதவும். குடும்பத்தோடு வரும் பெண்கள் அமரத் தடுப்புடன் கூடிய 'ஃபேமிலி ரூம்' பல கடைகளில் இருந்தது. தெருமுனை மனைகள் தீயவை என்று இந்து வணிகர் ஒதுக்கியதால் ஈரானியர் அவற்றை மலிவாகப் பெற்றனர் என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. அக்கதையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இரு தெருக்களின் காற்றும் வெளிச்சமும் வாடிக்கையாளரும் சேரும் முனையை எந்த வணிகரும் விரும்புவர்.

ஒரு கோப்பைத் தேநீருக்கு ஒரு மணிநேரம் அமரலாம் என்பது இக்கடைகளின் எழுதப்படாத விதி. எழுதப்பட்ட விதிகளோ ஏராளம். பம்பாயின் ஈரானி உணவகமொன்றின் அறிவிப்புகளை வைத்து நிசிம் எசக்கியேல் ஒரு கவிதையே அமைத்தார். குட்லக்கைச் சூழ்ந்து ஃபெர்குசன் கல்லூரி மாணவரும், 1933இல் புனேக்கு இடம்பெயர்ந்த பிரபாத் படநிறுவனத்தாரும், அந்த வளாகத்தில் பின்னர் அமைந்த திரைப்படக் கல்லூரியினரும் இருந்தனர். பிரபாத்தில் தம் திரைவாழ்வைத் தொடங்கிய தேவ் ஆனந்தை இக்கடையின் வாடிக்கையாளராகப் புனே இன்றும் நினைவுகூர்கிறது.

இந்த நினைவுகளை எழுதியோர் பெரும்பாலும் கல்லூரி சென்றவர்கள் என்பதை வரலாற்று மாணவர் மறத்தல் ஆகாது. 'சாதியற்ற இடம்' என்ற புகழுரை, அமர இடம் கிடைத்தவர்கள் எழுதியது. குட்லக் திறக்கப்படுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1929இல், அதே நகரின் பார்வதி கோயிலில் நுழைய முயன்ற தலித்துகள் தாக்கப்பட்டனர். அத்தகைய நகரில் ஒரு துப்புரவுத் தொழிலாளி சலவைக்கல் மேசையில் அமர்ந்திருக்க இயலுமா என்பது ஈரானியரின் தாராள மனத்தை மட்டும் பொறுத்ததன்று. அடுத்த மேசைக்காரர் எழுந்து செல்வாரா என்பதையும் பொறுத்தது. கடைகள், உணவகங்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று 1950இல் அரசமைப்பின் 15ஆம் உறுப்பு விதித்ததும், 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்ததும் இவ்வினாவின் கனத்தைக் காட்டும்.

தமிழ்நாட்டு வாசகர்க்கு இது அயலான செய்தியன்று. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' காட்டியது போல, இங்கு காபி கிளப்பே சாதியின் அரங்காயிற்று. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் இயக்கத்தார் 1957இல் மறியல் செய்தனர். அரசமைப்பு வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. தமிழகத்தின் பெருநகர்களில் ஈரானியரைப் போலச் சாதி அடுக்குக்கு வெளியே நின்ற உணவகத்தார் இவ்வளவு பரவலாக வேரூன்றவில்லை. பிராமணக் கிளப்புக்கு மாற்று, போராட்டத்தின் வழியாகவே வர வேண்டியிருந்தது.

ஈரானி உணவகங்களின் தேய்வைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. கூட்டுப் பங்காளிகளிடையே பிரிந்த உரிமை, பிற தொழில்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்ற அடுத்த தலைமுறை, வானுயர்ந்த மனைவிலை ஆகியவை காரணங்கள். பழைய வாடகைச் சட்டங்கள் இல்லையெனில் அவை இன்னும் முன்னரே மறைந்திருக்கும். உடுப்பி உணவகங்களின் போட்டியும் சேர்ந்தது. ஃபெர்குசன் சாலையின் புகழ்பெற்ற வைசாலி, ரூபாலி ஆகிய இரண்டும் தொடக்கத்தில் 'மெட்ராஸ்' என்ற சொல்லைப் பெயரில் தாங்கியவை. துளுநாட்டார் நடத்திய கடைக்குச் சென்னையின் பெயர்! ஈரானில் இல்லாத ஈரானித் தேநீருக்கு அது பொருத்தமான அண்டை வீடு.

டெக்கானிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போசரியில் இந்த வரலாற்றின் தடம் ஏதும் தென்படுவதில்லை. 1954இல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையும், 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகமும் அமைந்த பின்னர் உருப்பெற்ற தொழில்நகரம் அது. 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் உணவகம் அமைக்க 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வழிசெய்தது. ஆகவே பெரிய ஆலையின் தொழிலாளி மதிலுக்குள் மணியடித்ததும் உண்டு எழுகிறார். சிறு பட்டறைகளில் இருப்போர்க்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. மராத்வாடாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்த அவர்கள், சாலையோரத் தப்ரியில் அரைக் குவளைக் 'கட்டிங்' தேநீரை வாங்குகின்றனர். அதைத் தருபவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. 1890இல் நீதிபதியைத் தலைகுனிய வைத்த வினா அங்கு எழுவதேயில்லை. அமர்வதற்கு நாற்காலியும் அங்கு இல்லை. குவளை சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்து, அடுத்த ஷிஃப்டுக்குத் திரும்புகின்றனர்.