சக்கைக்கு விலை வந்த வரலாறு: விழுப்புரம் வட்டாரச் சர்க்கரை ஆலைகள்

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குக் கரும்பாலை புதிதல்ல. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1840-களிலேயே சர்க்கரைத் தொழிலில் இறங்கிவிட்டது. 1993-இல் அம்மாவட்டம் பிரிந்தபோது முண்டியம்பாக்கம் தனியார் ஆலையும் பெரியசெவலை செங்கல்ராயன் கூட்டுறவு ஆலையும் விழுப்புரத்தின் பங்குக்கு வந்தன. இத்தகைய ஆலைகள் புகையையும் கழிவையும் குறைத்துக்கொண்டதை நிர்வாகங்களின் சூழல் அக்கறையாகச் சொல்வது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கழிவுக்கு விலை கிடைத்த இடத்தில் ஆலை தானாக மாறியது. விலை கிடைக்காத இடத்தில் சட்டம் அதை மாற்றியது.

சக்கையே இதற்கு முதல் சான்று. அரைத்த கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கை. அதில் பாதி ஈரம். நெடுங்காலம் அதை எரித்துத் தீர்ப்பதே ஆலைகளின் கவலையாக இருந்ததால், குறைந்த அழுத்தக் கொதிகலன்களின் விரயம் யாருக்கும் உறுத்தவில்லை. முதல் மாற்றம் காகிதத்தால் வந்தது. 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையை மூலப்பொருளாக்கி, ஈடாக ஆலைகளுக்கு வேறு எரிபொருள் தர முன்வந்தது. மரம் தப்பியது, நிலக்கரி எரிந்தது என்பதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். அடுத்த மாற்றம் மின்சாரத்தால். மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் 1994-இல், சக்கையை எரித்து ஆலைக்கான நீராவியோடு மின்சாரமும் எடுக்கும் இணைமின் உற்பத்தித் திட்டத்தைத் தொடங்கியது. 2003 மின்சாரச் சட்டம் அத்தகைய மின்சாரத்தை ஊக்குவிக்கும் பொறுப்பை ஒழுங்குமுறை ஆணையங்களுக்குத் தந்தது. உபரி மின்சாரத்தை மின்வாரியம் வாங்கும் என்றானதும், சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ அழுத்தத்தில் ஓடிய தொழிலில் 67, 87, 105 கிலோ அழுத்தக் கொதிகலன்கள் நுழைந்தன. அதே சக்கைதான், மின்சாரம் பல மடங்கு.

எரிப்பது எப்படித் தூய்மையாகும் என்ற மறுப்பு நியாயமானது. வெளியேறும் கரிவளியைக் கரும்பு மறுபடி உறிஞ்சிக்கொள்ளும் என்பது சரி. ஆனால் அரவைப் பருவத்தில் மொட்டை மாடியில் காயும் துணியிலும் வடகத்திலும் படியும் கரித்துகளை எந்தக் கரும்பும் உறிஞ்சாது. அந்தத் துகளுக்குச் சந்தை இல்லை. ஆகவே புகைபோக்கியில் தூசுபிடிக்கும் கருவி பொருத்த 1981 காற்றுச் சட்டம் தேவைப்பட்டது. கழிவுநீரின் கதையும் இதுவே. ஒரு டன் கரும்பிலேயே சுமார் 700 லிட்டர் நீர் இருக்கிறது. ஆவியாகும் அந்நீரைக் குளிரவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் நுட்பம் பழையது. இருந்தும், ஒரு டன்னுக்கு 400 லிட்டர் என்றிருந்த கழிவுநீர் வரம்பு 200-ஆகக் குறைய 2016 அறிவிக்கை வரவேண்டியிருந்தது.

இன்னொரு மறுப்பு வலுவானது: விலையும் சட்டமும் ஆலை மதிலோடு நின்றுவிடுகின்றன. கரும்புக்கு 1,800 முதல் 2,200 மி.மீ. நீர் வேண்டும், விழுப்புரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய அதில் பாதி. மீதியைத் தருவது பெரும்பாலும் கிணறும் ஆழ்துளைக் குழாயும்தான். மானாவாரி நிலக்கடலைக்குப் பெயர்போன திண்டிவனம் வட்டாரத்தில், டிஎம்வி ரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையத்தின் ஊரில், பயிரின் தேவைக்கும் மழைக்குமான இந்த ஒப்பீட்டை விளக்கத் தேவையில்லை. இம்மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிசெய்கிறது. உழவருக்கு நிலத்தடி நீர் விலையின்றிக் கிடைக்கிறது, அதை இறைக்கும் மின்சாரமும் இலவசம். எனவே சொட்டுநீர்க் குழாயை வயலுக்குக் கொண்டுபோக மானியம் தேவைப்படுகிறது. ஆலை தன் சூழல் கணக்கைக் கரும்பை நிறுக்கும் எடைமேடையிலிருந்தே தொடங்கிக்கொண்டிருக்கும்வரை, ஒரு டன் கரும்புக்கு இறைத்த நீர் எந்த ஏட்டிலும் பதிவாகாது.