மேற்றிசைச் சூனியக்காரியின் வழக்கு

1900-ஆம் ஆண்டு சிகாகோவில் வெளிவந்த ‘ஓஸ் நாட்டின் அற்புத மந்திரவாதி’ என்னும் சிறுவர் நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கொலை நிகழ்கிறது. கான்சாஸ் சமவெளியிலிருந்து சூறாவளியால் தூக்கி வரப்பட்ட டாரதி என்ற சிறுமி, மேற்றிசைச் சூனியக்காரியின் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள். சூனியக்காரி தந்திரமாக அவளுடைய வெள்ளிக் காலணிகளில் ஒன்றைப் பறித்துக்கொள்கிறாள். சினங்கொண்ட சிறுமி பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அவள்மேல் வீசுகிறாள். கிழவி கரைந்து தரையில் குழம்பாகப் பரவுகிறாள். டாரதி இன்னொரு வாளி நீரை ஊற்றி, அந்தக் குழம்பைத் துடைப்பத்தால் வாசலுக்கு வெளியே பெருக்கித் தள்ளுகிறாள்; மிஞ்சிய காலணியைத் துணியால் துடைத்துக் காலில் மாட்டிக்கொள்கிறாள். நூற்றாண்டுக்கும் மேலாகக் குழந்தைகள் இந்த இடத்தைப் படித்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கிழவியின் பக்கத்திலிருந்து கதையைத் திருப்பிச் சொல்லும் முயற்சி 1995-இல் ஒரு நாவலாகவும், 2003-இல் ஓர் இசை நாடகமாகவும், 2024-இலும் 2025-இலும் இரண்டு பாகத் திரைப்படமாகவும் உருவெடுத்தது. வில்லனின் வாயால் கதை கேட்பது இலக்கியத்தில் புதிதல்ல. ஜான் கார்ட்னர் 1971-இல் ‘கிரெண்டெல்’ எழுதிப் பழைய ஆங்கிலக் காப்பியத்தின் அரக்கனைப் பேச வைத்தார். மைக்கேல் மதுசூதன் தத்தர் 1861-இலேயே மேகநாதனை வங்கக் காவியத் தலைவனாக்கினார். நம் வாசகர்களுக்குப் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ உடனே நினைவுக்கு வரும். 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடைசெய்யப்பட்டு, 1971-இல்தான் அது விடுதலை பெற்றது. ஆனால் அந்தக் காவியங்களுக்குப் பின்னால் பெரும் மரபுகளின் மோதல் இருந்தது. ஒரு குழந்தைக் கதைச் சூனியக்காரிக்காக வழக்காட என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானதே. மூல நூலுக்குத் திரும்பிச் சென்று பார்த்தால், வழக்குக்கான சான்றுகளை அதன் ஆசிரியரே சிதறவிட்டுப் போயிருப்பது தெரிகிறது.

எல். ஃப்ராங்க் பாமின் நூலில் இந்தச் சூனியக்காரிக்குப் பெயர் இல்லை. பச்சைத் தோலும் இல்லை. தொலைநோக்கி போன்ற ஒற்றைக் கண் உண்டு. கையில் குடை உண்டு. இருட்டென்றால் பயம், தண்ணீரென்றால் அதைவிடப் பயம். அவளாகப் போய் யாரையும் தாக்கியதாக டாரதியின் பயணக் கதையில் இல்லை. மரகத நகரத்து மந்திரவாதியோ டாரதியையும் அவளுடைய தோழர்களையும் ஒவ்வொருவராக அழைத்து, மேற்றிசைச் சூனியக்காரியைக் கொன்றுவிட்டு வந்தால்தான் கேட்டது கிடைக்கும் என்று விலை பேசுகிறான். தான் எதையும் விரும்பிக் கொன்றதில்லை என்று அந்தச் சிறுமி அழுகிறாள். அதற்குப் பிறகுதான் நால்வரும் மேற்கே நடக்கிறார்கள். தன் எல்லைக்குள் அந்நியர்கள் நுழைவதைக் கண்ட கிழவி ஓநாய்களை ஏவுகிறாள். நாற்பது ஓநாய்களின் தலைகளைத் தகர மனிதன் கோடாரியால் வெட்டிச் சாய்க்கிறான். நாற்பது காகங்களின் கழுத்தை வைக்கோல் பொம்மை முறுக்கிப் போடுகிறான். துன்பமும் பயங்கரமும் நீக்கப்பட்ட புதுவகைத் தேவதைக் கதை என்று பாம் தம் முன்னுரையில் சொல்லிக்கொண்ட நூல் இது!

இதைவிட முக்கியமான ஒரு தகவலைப் பாம் போகிற போக்கில் தருகிறார். சூனியக்காரியிடம் சிறகுள்ள குரங்குகளை மூன்று முறை ஏவக்கூடிய பொன் தொப்பி ஒன்று இருக்கிறது. முதல் முறை வின்கி மக்களை அடிமைப்படுத்த அதைப் பயன்படுத்தினாள். இரண்டாம் முறை, மேற்கு நாட்டிலிருந்து மந்திரவாதி ஓஸை விரட்டியடிக்கப் பயன்படுத்தினாள். அப்படியானால் ஓஸ் ஒரு காலத்தில் மேற்கே படையெடுத்துப் போய்த் தோற்றவன் என்றாகிறது. பலூனில் வந்திறங்கிய ஒமாஹா நகரத்து வித்தைக்காரன். தன் நகரத்தார் அனைவருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டுப் போட்டு, நகரமே மரகதம் என்று நம்பவைத்தவன். தான் நேரில் போய்த் தோற்ற போருக்கு இப்போது ஒரு குழந்தையை அனுப்புகிறான். கதை முழுவதும் சூனியக்காரி கெட்டவள் என்று நமக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவளுடைய எதிரிகளே. ஆனால் வின்கிகளின் அடிமைத்தனமும் அதே நூலில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

பாமின் வாழ்க்கையைப் பார்க்கும்போது இந்த முடிச்சு இன்னும் இறுகுகிறது. 1882-இல் அவர் மணந்துகொண்ட மாட் கேஜின் தாயார் மடில்டா ஜாஸ்லின் கேஜ், அமெரிக்கப் பெண் வாக்குரிமை இயக்கத்தின் முன்னணிச் சிந்தனையாளர். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்ட பெண்கள் திருச்சபை அதிகாரத்தின் பலியாடுகள் என்று 1893-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டவர். அதே ஆண்டில் மொஹாக் பழங்குடியினரின் ஓநாய்க் குலத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். கதைகளை எழுதி வெளியிடும்படி மருமகனைத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். 1898-இல் சிகாகோவில் பாமின் வீட்டிலேயே காலமானார். மாமியாரின் செல்வாக்கில்தான் ஓஸ் நாட்டில் நல்ல சூனியக்காரிகளும் இடம்பெற்றார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நமக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

மறுபக்கம் இருண்டது. தெற்கு டகோட்டாவின் ஆபெர்டீன் ஊரில் நடத்திய கடை நொடித்த பிறகு, பாம் அங்கே ஒரு வார இதழை நடத்தினார். சிட்டிங் புல் கொல்லப்பட்ட சில நாட்களில், 1890 டிசம்பர் 20-ஆம் நாள், எஞ்சியிருக்கும் செவ்விந்தியர்களை அடியோடு அழித்துவிடுவதே நல்லது என்னும் பொருள்பட அதில் தலையங்கம் எழுதினார். டிசம்பர் 29-இல் வூண்டட் நீ என்ற இடத்தில் பெண்களும் குழந்தைகளுமாக லகோட்டா மக்கள் நூற்றுக்கணக்கில் படையினரால் கொல்லப்பட்டனர். 1891 சனவரி 3-ஆம் நாள் பாம் மீண்டும் அதே கருத்தை எழுதினார். ‘நாம் அவர்களுக்கு ஏற்கெனவே அநீதி இழைத்துவிட்டோம், நம் பாதுகாப்புக்காக அதை முழுமையாக முடித்துவிடுவோம்’ என்பதே அந்த வாதத்தின் சாரம். கெட்டவர்கள் என்பதற்காக அல்ல, நமக்கு அச்சம் தருகிறார்கள் என்பதற்காகக் கொல்லலாம் என்ற தர்க்கம் அது. பத்தாண்டு கழித்து ஓஸ் மந்திரவாதி ஒரு சிறுமியிடம் பேசுவதும் ஏறக்குறைய அதே தர்க்கத்தைத்தான். பாம் இதை உணர்ந்து எழுதினாரா என்பதை நாம் தீர்மானிக்கப் போவதில்லை. அந்த மந்திரவாதியை ஏமாற்றுக்காரனாகத் திரைவிலக்கிக் காட்டியவரும் அவரே. பாமின் வழித்தோன்றல்கள் சிலர் 2006-இல் அந்தத் தலையங்கங்களுக்காகப் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கோரினார்கள்.

பெயரும் நிறமும் சூனியக்காரிக்குப் பின்னாளில் வந்தவை. இரண்டும் 1939 என்ற ஒரே ஆண்டில் உலகத்தின் இரு மூலைகளில் கிடைத்தன என்பது வேடிக்கை. சோவியத் எழுத்தாளர் அலெக்சாண்டர் வோல்கவ் அந்த ஆண்டில் வெளியிட்ட ரஷ்யத் தழுவலில் அவளுக்கு பஸ்திந்தா என்று பெயர் வைத்தார். ஹாலிவுட்டில் எம்ஜிஎம் நிறுவனம் அவளுக்குப் பச்சை வண்ணம் பூசியது. டெக்னிகலர் திரையில் எடுப்பாகத் தெரியட்டும் என்று வெள்ளிக் காலணியையும் மாணிக்கக் காலணியாக மாற்றியது. படத்தில் கிழக்குச் சூனியக்காரி அவளுடைய தங்கை ஆனாள். டாரதியின் வீடு மேலே விழுந்து நசுக்கியவள் அவள். ஆக, தங்கையைப் பறிகொடுத்து, அவள் காலணியையாவது கேட்டு வருகிற அக்காவைப் பார்த்துத்தான் அரங்கங்கள் அலறின.

அந்த வேடத்தில் நடித்த மார்கரெட் ஹாமில்டன் ஒரு முன்னாள் மழலையர் பள்ளி ஆசிரியை. 1938 டிசம்பரில், புகையும் நெருப்புமாக மறையும் காட்சியில் தீ அவர்மேல் பற்றி, முகமும் கையும் வெந்தன. பூசியிருந்த பச்சைச் சாயத்தில் செம்பு கலந்திருந்ததால், காயத்தின்மேல் சாராயத்தை வைத்து அதைத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. ஆறு வாரங்கள் கழித்தே படப்பிடிப்புக்குத் திரும்பினார். 1975-இல் ஃப்ரெட் ராஜர்ஸ் நடத்திய குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அதே உடையைக் குழந்தைகளின் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அணிந்து காட்டினார். அந்தச் சூனியக்காரி எதை விரும்பினாலும் அது அவளுக்குக் கிடைப்பதே இல்லை, அதனால் மனம் வெதும்பியவள் என்று அவர்களுக்கு எளிமையாக விளக்கினார். அடுத்த ஆண்டு ‘செசமீ ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியில் அதே வேடத்தில் தோன்றியபோது பெற்றோர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. அந்தப் பகுதி மறுபடி ஒளிபரப்பப்படவில்லை. சூனியக்காரியின் பக்கத்தை முதன்முதலில் பொதுவெளியில் எடுத்துச் சொன்னவர் யார் என்று கேட்டால், நாவலாசிரியருக்கு இருபதாண்டு முன்னரே அதைச் செய்த இந்தப் பெண்மணியைத்தான் நாம் சொல்வோம்.

கிரெகரி மக்வயர் குழந்தை இலக்கியத்திலிருந்து வந்தவர். 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் வாழ்ந்தபோது, வளைகுடாப் போரை ஒட்டி சதாம் உசேனை ஹிட்லரோடு ஒப்பிட்ட நாளிதழ்த் தலைப்பு ஒன்று, அந்தப் பெயரைக் கண்ட மாத்திரத்தில் தம் உள்ளம் எப்படிக் கொதித்தது என்று அவரை யோசிக்க வைத்தது. 1993-இல் லிவர்பூல் அருகே ஜேம்ஸ் பல்ஜர் என்ற இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கொன்றார்கள். தீமை பிறவியிலேயே வருகிறதா, படிந்து சேர்கிறதா? இந்தக் கேள்விக்கு அவர் தேர்ந்தெடுத்த களம்தான் ஓஸ். பாமின் பெயரின் முதலெழுத்துகளை ஒலித்துப் பார்த்துச் சூனியக்காரிக்கு எல்ஃபபா என்று பெயர் சூட்டினார்.

நாவலின் எல்ஃபபா பச்சைக் குழந்தையாகவே பிறக்கிறாள். ஷிஸ் பல்கலைக்கழகத்தில் பேசும் விலங்குகளின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்படுவதைக் காண்கிறாள். ஆடாகப் பிறந்த பேராசிரியர் டில்லமண்ட் கொல்லப்படுகிறார். அவள் தலைமறைவு இயக்கத்தில் சேர்கிறாள். கொல்ல வேண்டிய தருணத்தில் குழந்தைகள் குறுக்கே வர, கை தயங்குகிறது. காதலன் ஃபியேரோ அவளால் உயிரிழக்கிறான். அவனுடைய மனைவி சரிமாவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்காகவே மேற்கே போகிறாள். சரிமா கேட்க மறுத்துக்கொண்டே இருக்கிறாள். பின்னர் படையினர் சரிமாவைக் கொண்டுபோய்விடுகிறார்கள். மன்னிப்பு இனி யாரிடமும் கிடைக்காது. இந்த நிலையில் டாரதி வந்து நிற்கிறாள். கொல்வதற்காக வரவில்லை, தங்கையின் மரணத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள். தனக்குக் கிடைக்காத ஒன்றைத் தன்னிடமே ஒரு குழந்தை கேட்கும்போது எல்ஃபபா வெறிகொள்கிறாள். அவளுடைய ஆடையில் தீப்பிடிக்கிறது. அணைப்பதற்காகத்தான் சிறுமி தண்ணீரை ஊற்றுகிறாள். நாவலின் நடுப்பகுதி தொய்வானது, அரசியல் விவாதங்கள் நீளமானவை என்ற குறைகள் உண்மைதான். இந்த இறுதிக் காட்சிக்காக அத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே யாரும் வில்லன் அல்ல. ஆனாலும் தீமை அறையில் இருக்கிறது, ஒருத்தி சாகிறாள்.

ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் இசையில், வின்னி ஹோல்ஸ்மனின் உரையாடலில், 2003 அக்டோபர் 30-ஆம் நாள் பிராட்வேயில் தொடங்கிய இசை நாடகம் இந்த இடத்தில்தான் நாவலைக் கைவிட்டது. தண்ணீர் பட்டால் கரைவாள் என்பதே வதந்தி. அந்த வதந்தியைக் கொண்டே எல்ஃபபா சாவைப் போல நடித்துத் தப்பிக்கிறாள். ஃபியேரோ வைக்கோல் பொம்மையாகி உயிரோடிருக்கிறான். இரு பெண்களின் நட்பை அது அழகாகக் கட்டியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. இத்தனை ஆண்டுகள் அரங்கு நிறைந்து ஓடியதில் வியப்பும் இல்லை. ஜான் எம். சூவின் திரைப்படங்களும் இந்த நாடகத்தின் வழியையே பின்பற்றின. ஆனால் தீமை என்னவாயிற்று? மந்திரவாதியின் தலையிலும் மேடம் மாரிபிளின் தலையிலும் இறக்கிவைக்கப்பட்டது. வில்லன் என்ற நாற்காலி அகற்றப்படவில்லை, அதில் உட்காரும் ஆள்தான் மாறினார். டிஸ்னியின் 2014-ஆம் ஆண்டு ‘மலேஃபிசென்ட்’ தொடங்கி வந்த ஒத்த முயற்சிகளிலும் இதே நாற்காலி மாற்றத்தைக் காணலாம். காயம்பட்டவள் என்று நிரூபித்துவிட்டால் போதும், குற்றம் கழுவப்பட்டுவிடும் என்பது ஒரு சூத்திரமாகிவிட்டது.

இனி வின்கிகள். பாமின் நூலில் அவர்கள் மஞ்சள் நாட்டு மக்கள். கோழைகளென்று ஏசப்பட்டு, ஈட்டி கொடுத்து முன்னே தள்ளப்பட்டு, சிங்கத்தின் கர்ஜனை கேட்டுத் திரும்பி ஓடியவர்கள். சூனியக்காரியின் வழக்கில் உண்மையான சாட்சிகள் அவர்களே. மந்திரவாதியைப் போல் அவர்களுக்கு அரசியல் ஆதாயம் எதுவும் இல்லை. எல்ஃபபாவின் கதையைச் சொன்னவர்கள் எல்லோரும் அந்தச் சாட்சிகளைக் கூண்டுக்கு அழைக்காமலே தீர்ப்பை மாற்றினார்கள். மக்வயரின் மேற்கு நாட்டில் அவள் யாரையும் அடிமைகொள்ளவில்லை. மேடையிலும் திரையிலும் அந்த மக்களுக்குப் பேசவே இடமில்லை. அவளை நல்லவளாக்க, அவளால் துன்புற்றவர்கள் கதையிலிருந்து மெல்ல நீக்கப்பட வேண்டியிருந்தது. 1900-ஆம் ஆண்டு நூலிலோ, அவள் இறந்த செய்தி கேட்டு அவர்கள் அந்த நாளை விடுமுறையாக்கி ஆடிப் பாடுகிறார்கள். நொறுங்கிக் கிடந்த தகர மனிதனை மூன்று நாட்கள் இரவும் பகலும் உழைத்துத் தட்டி ஒட்டவைக்கிறார்கள். பிறகு, தங்களை ஆள வருமாறு அவனையே வேண்டிக்கொள்கிறார்கள்.