அட்டெஸ்டேஷன் படிவமும் ழான் வல்ழானும்

ஆவடி என்றதும் 1955 ஜனவரி காங்கிரஸ் மாநாட்டை நினைப்பது என் தந்தையார் தலைமுறையின் வழக்கம். எங்களுக்கு ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை. 1965 டிசம்பரில் முதல் 'விஜயந்தா' அங்கிருந்து வெளிவந்தது. அதையும் பாதுகாப்புத் துறையின் பிற நிறுவனங்களையும் நம்பி அம்பத்தூர் முதல் பட்டாபிராம் வரை எத்தனையோ குடும்பங்கள் வேர்விட்டன. அவ்வீடுகளில் பலரும் அறிந்த தாள் ஒன்றுண்டு: அட்டெஸ்டேஷன் படிவம். நியமனத்துக்கு முன் காவல்துறை விசாரணைக்கு அனுப்பப்படுவது அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் அப்படிவத்துடன் வீட்டுக்கு வந்தார். கல்லூரி இரண்டாமாண்டில் சட்டைப்பையில் இருந்த கஞ்சாப் பொட்டலத்துக்காக வழக்கு, அபராதம் கட்டியிருந்தார். "இத எழுதணுமா சார்? எழுதலேன்னா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை.

அமெரிக்காவில் இரகசியப் பணிக்கான 86ஆம் எண் படிவம், கடந்த ஏழாண்டுகளில் போதைப்பொருள் உட்கொண்டதுண்டா என்று நேரடியாகவே நெடுங்காலம் கேட்டுவந்தது. எப்போது, எத்தனை முறை, மீண்டும் நிகழுமா என்பனவற்றை அங்கு எடைபோடுவர். நம் படிவத்தின் வினா வேறு: கைதானதுண்டா, வழக்கு உண்டா, தண்டனை உண்டா? புகைத்தவன் அகப்படாதவரை நல்லவன். ஒருமுறை புகைத்து அகப்பட்டவனுக்கு ஆயுள் முழுதும் விளக்கக் கடமை. உண்மையை மறைப்பது தகுதியிழப்பு என்ற எச்சரிக்கையும் அதன் தலைப்பிலேயே உண்டு.

கஞ்சாவை அரசு எப்போதும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்றது. சென்னை மாகாணத்திலோ, 1937 மதுவிலக்குச் சட்டம் கள், சாராயத்துடன் போதைப்பொருள்களையும் சேர்த்தே தடுத்தது. 1985இல் வந்த நாடுதழுவிய போதைப்பொருள் சட்டம் கடுமையானது; எனினும் அதிலேயே ஒரு கருணை வாசலும் இருக்கிறது. அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்காகவும் சிறிய அளவு தொடர்பான குற்றங்களுக்காகவும் வழக்குத் தொடர வேண்டாம் என்கிறது 64ஏ பிரிவு. இதை அறிந்த மாணவர்களை நான் கண்டதில்லை.

தமிழகக் காவல் பணிக்கு நிலைமை இன்னும் இறுக்கம். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்றவழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்ற விதியை 2008இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு ஏற்றது.

2011இல் உச்சநீதிமன்றத்தில் வேறொரு குரல் கேட்டது. டில்லித் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்த சந்தீப் குமார், இளமையில் தம்மீதிருந்த அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் சொல்லவில்லை. இளமைப் பிழையை மன்னிக்க வேண்டும் என்ற நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ரொட்டி திருடிய ழான் வல்ழானைத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார். நமக்கு அவன் அந்நியனல்லன். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கிய நாவலின் நாயகன். 1950இல் அது படமானபோது நாகையா அவனாக நடித்தார். அவனைத் துரத்தும் அதிகாரியாக நடித்த சீதாராமனோ கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் ஆனார். வேடம் கூட ஒருவருடன் அவ்வளவு ஒட்டிக்கொள்கிறது!

அத்தீர்ப்புக்கும் அதற்கு முரணான பிறவற்றுக்கும் இடையே 2016இல் அவதார் சிங் வழக்கில் மூவர் அமர்வு ஒழுங்கு செய்தது. இளவயதில் கோஷமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதிகாரி பொறுக்கலாம். பெரிய பதவியானால் அளவுகோல் கடுமையாகும். இதே தீர்ப்பின் இன்னொரு வரிதான் என்னை உறுத்துகிறது: ஒளிக்காமல் சொன்னவரையும் நியமித்தே தீரவேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது.

இவற்றையெல்லாம் படித்தபின், "எழுதிவிடு தம்பி" என்றேன். மறைத்து அகப்பட்டால் பத்தாண்டு கழித்தும் வேலை போகும் என்று சொன்னேன், அது உண்மையும்கூட. என் மேசையிலேயே அமர்ந்து வழக்கு எண், தேதி, அபராதத் தொகை அனைத்தையும் எழுதினார். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். நியமன ஆணை வரவில்லை. அவருடன் தேர்வான இன்னொருவர், ஒருமுறையும் பிடிபடாதவர், பணியில் சேர்ந்துவிட்டதாக அவரே சொன்னார். இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருக்கிறார். திருமுல்லைவாயில் சாலையில் எதிர்ப்பட்டால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார். படிவத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.