கரை மீண்ட மாலுமிகளும் காக்கப்படாத வாக்கும்

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு வழிபடுதல் தமிழர்தம் தொன்மரபு. கல்லைத் தேர்ந்து காண்டல் முதலாக வாழ்த்துதல் ஈறாக அதனை ஆறு நிலைகளில் வைத்து ஓதும் தொல்காப்பியம். நமக்கு அண்மையதாகிய தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்ற எழுத்துடை நடுகற்கள் இம்மரபின் பழைமைக்குச் சான்று பகர்வன. மாண்டவனுக்குக் கல் உண்டு; அஃது அறிந்ததே. மீண்டவனுக்கு யாது உண்டு? இவ்வினாவையே சங்க அன்பர்கள் முன் ஈண்டு வைக்கப் புகுந்தோம்.

நமது நத்தம் கடல் காணா ஊர். ஒருபுறம் கரந்தமலையும் மறுபுறம் சிறுமலையும் நிற்க, மாவும் புளியும் விளைத்து வாழ்ந்த நம் முன்னோர்க்குக் கடலென்பது இராமேச்சுர யாத்திரை சென்று மீண்டார் வாயிலாகக் கேட்ட செய்தியே. எனினும் நாம் சிறுவராயிருந்த காலத்து நம் தெருவில் முதியவர் ஒருவர் இருந்தார். அவரைக் 'கப்பல் தாத்தா' என்று அழைப்போம். மார்கழிப் பனியில் பழைய நீலநிறக் கம்பளிச் சட்டையொன்றை அணிந்து திண்ணையில் அமர்ந்திருப்பார். "தாத்தா, கப்பல் எங்கே நிற்கிறது?" என்று கேட்டு நகைத்து ஓடுவோம். அவரும் உடன் நகைப்பார். எந்தக் கப்பல், எந்தக் கடல், எந்தப் போர் என்று ஒருவரும் அவரை உசாவினோம் அல்லோம். அவர் மறைந்த பின்னர் அவரது தகரப் பெட்டி, உள்ளிருந்த காகிதங்களோடு பழைய இரும்பு வாங்குவானிடம் போயிற்று. நாம் வளர்ந்து, கற்று, கற்பிக்கும் தொழிலையும் மேற்கொண்ட பின்னரே, இழந்தது யாதென உணர்ந்தோம்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்ட 1939-இல் இந்தியக் கப்பற்படையில் இருந்தோர் ஏறக்குறைய இரண்டாயிரவர்; யுத்தம் முடிந்த 1945-இல் ஏறக்குறைய முப்பதினாயிரவர். முன்னர்ப் பெரும்பாலும் கொங்கணக் கரையாரும் பஞ்சாபியருமே சேர்ந்த படையில், யுத்த காலத்தில் சென்னை மாகாணத்தாரும் வங்காளத்தாரும் பிறரும் திரளாகச் சேர்ந்தனர். பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர் பலர் தந்தி, கம்பியில்லாத் தந்தி முதலிய பிரிவுகளில் அமர்ந்தனர்.

அவர்தம் ஆண்மைக்கு ஒரு சான்று கூறுவோம். 1942 நவம்பர் 11-ஆம் நாள் 'பெங்கால்' என்னும் சிறு போர்க்கப்பல், 'ஒண்டினா' என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்துமாகடலிற் சென்றது. அவ்வழி ஜப்பானியரின் பெருங்கப்பல்கள் இரண்டு எதிர்ப்பட்டன. பெங்கால் எழுநூறு டன்னுக்கும் குறைந்தது. பகைக்கப்பல் ஒவ்வொன்றும் பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. ஆயினும் பெங்கால் புறங்காட்டி ஓடாது பகைவரை நோக்கியே சென்று பொருதது. ஈற்றில் மூழ்கியது 'ஹோக்கோக்கு மாரு' என்னும் பகைக்கப்பல். பெங்கால் கரை சேர்ந்தது. ஒண்டினாவும் கரை சேர்ந்தது. 1943-இல் சிசிலித் தீவிலும், பின்னர் அரக்கான் கரையிலும் நம் கப்பல்கள் பணியாற்றின.

இங்ஙனம் பொருதோர்க்கு யுத்தம் முடிந்தபின் கிடைத்தது யாது? உணவு கெட்டது, சம்பளம் வெள்ளை மாலுமியினும் குறைந்தது, மேலதிகாரிகள் சிலரது வாய்ச்சொல்லோ செவியாற் கேட்கத் தகாதது. படையைக் குறைக்கத் தொடங்கவே, ஆயிரக்கணக்கானோர் வேலையில்லா ஊருக்குத் திரும்பும் நிலை வந்தது. 1946 பிப்ரவரி 18-ஆம் நாள் பம்பாயில் 'தல்வார்' என்னும் செய்தித்தொடர்புப் பயிற்சி நிலையத்தார் வேலைநிறுத்தம் தொடங்கினர். வெள்ளையனே வெளியேறு என்று முன்னரே சுவரில் எழுதிச் சிறைப்பட்ட பி. சி. தத்தர் அந்நிலையத்தவரே. மறுநாள் எம். எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத்தலைவராகவும் ஒரு குழு அமைந்தது. ஏறக்குறைய 78 கப்பல்களும் 20 கரைநிலையங்களும் இருபதினாயிரம் மாலுமிகளும் இதிற் சேர்ந்தனர் என்பர். காங்கிரசுக் கொடியும் லீக் கொடியும் செங்கொடியும் கப்பல்களில் ஒருங்கே பறந்தன. சென்னையில் 'அடையாறு' கரைநிலையத்து மாலுமிகளும் வீதியில் ஊர்வலம் வந்தனர். அம்மாதம் 25-ஆம் நாள் அந்நகரில் வேலைநிறுத்தம் நடைபெற்றது.

அவர்கள் வேண்டியன பலவற்றுள் ஒன்றை அன்பர்கள் ஊன்றி நோக்குக. படையினின்று விடுவிக்கப்படும்போது உடுப்புகளைத் திருப்பித் தருமாறு கேட்கலாகாது என்பதே அது. போரில் உயிரை வைத்து விளையாடியவன், ஊர் திரும்புங்கால் உடுத்த சட்டையைக் கேட்டுப் பெறவேண்டியிருந்தது! கப்பல் தாத்தாவின் கம்பளிச் சட்டை நம் கண்முன் தோன்றுகிறது.

பம்பாயில் மக்கள் மாலுமிகளுக்கு உணவு கொணர்ந்து ஈந்தனர், கடையடைத்தனர், துப்பாக்கிச் சூட்டில் இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். கராச்சியில் 'இந்துஸ்தான்' கப்பல் பீரங்கிப் போருக்குப்பின் பணிந்தது. இந்நிலையில் வல்லபாய் பட்டேல், மாலுமிகள் பணிந்துவிட வேண்டுமென்றும், எவரும் பழிவாங்கப்படாவண்ணம் காங்கிரசு இயன்றது செய்யுமென்றும் சொல்லியனுப்பினார். ஜின்னாவும் அவ்வாறே பணியுமாறு அறிவுறுத்தினார். பிப்ரவரி 23-ஆம் நாள் காலையில் மாலுமிகள் பணிந்தனர். தாம் பணிவது இந்தியாவுக்கே அன்றி ஆங்கிலேயர்க்கு அன்று என்று அவர்தம் குழு அறிவித்தது.

தலைவர்கள் கருத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாளை நமதாகப் போகும் படையில் ஒழுங்கு குலைந்தால் அதனைப் பின்னர்க் கட்டுவது அரிது என அவர்கள் எண்ணினர். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் வாக்கு என்னாயிற்று? 476 மாலுமிகள் படையினின்று நீக்கப்பட்டனர். பஸல் அலி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு மாலுமிகளின் குறைகள் பல மெய்யென்றே கண்டது. எனினும் 1947 ஆகஸ்டில் கொடி மாறியபின், இந்தியக் கப்பற்படையும் அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. பாகிஸ்தான் கப்பற்படையும் அழைக்கவில்லை. அன்னிய சர்க்கார் தள்ளியது இயல்பு. நம் சர்க்காரும் கதவைத் திறவாமையே வருத்தத்துக்குரியது.

தத்தர் பத்திரிகைத் தொழிலுக்குச் சென்று, 1971-இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். அவர் எழுதினமையால் அவர் பெயர் நின்றது. எழுதாதார் எத்தனையர்! கல்கத்தாவில் 1965-இல் உத்பல் தத்தர் 'கல்லோல்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். உண்மையில் எல்லாக் கப்பல்களும் பணிந்தன. நாடகத்திலோ 'கைபர்' கப்பல் பணியவில்லை. வரலாறு கொடுக்க மறுத்ததைக் கதை கொடுத்தது போலும். 1972 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய விடுதலைப் போராளிகள் ஓய்வூதியத் திட்டத்தில் இவ்வெழுச்சியும் சேர்க்கப்பெற்றது. மும்பைக் கொலாபாவில் 2001-இல் நினைவுச்சிலை எழுந்தது. இருபது வயதில் நீக்கப்பட்டவன் நாற்பத்தைந்தைக் கடந்தபின் ஓய்வூதியம், எழுபத்தைந்தில் சிலை. அதற்கும் சான்றுக் காகிதம் கையிலிருந்தோர்க்கே வழி.

கப்பல் தாத்தா அந்த 476 பேருள் ஒருவரா, யுத்தம் முடிந்து முறைப்படி விடுவிக்கப்பட்டவரா, அரக்கான் கரையைக் கண்டவரா, யாதும் அறியோம். அறிதற்குரிய காகிதத்தை நம் தெருவே எடைக்கு விற்றது. சர்க்கார் மறந்தது ஒரு குற்றமாயின், திண்ணைக்கு எதிரே குடியிருந்த நாம் மறந்தது அதனினும் பெரிய குற்றமன்றோ? சர்க்காருக்கு அவர் ஓர் எண். நமக்கு அவர் தாத்தா.

ஆதலின் சங்கத்து உறுப்பினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் நாம் செய்யும் விண்ணப்பம் இது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டி இருப்பின் அதனைத் திறந்து பாருங்கள். விடுவிப்புச் சான்றோ, பதக்கமோ, கடற்படைப் புகைப்படமோ கிடைப்பின் எறியாது வையுங்கள். தரைப்படையாயினும் கப்பற்படையாயினும், மலேயாவில் நேதாஜியின் சேனையாயினும், சென்று மீண்ட நம் குடிப்பிறந்தாரின் பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, அவர் சொன்ன செய்தி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இவ்விதழுக்கு அனுப்புங்கள். மாதந்தோறும் வெளியிடுவோம், ஆண்டு விழாவில் அப்பெயர்களை எழுந்து நின்று படிப்போம். முன்னோர் கல்லில் எழுதினர். நாம் காகிதத்திலேனும் எழுதுவோம்.