ஈயத் தகடும் ஈமப்பேழையும்: இரண்டு இடுகாடுகள்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போடப்போவதாக அறிவித்துப் பல ஆண்டுகள் ஆயிற்று. ரயில் இன்னும் வரவில்லை. வரும் நாளில் ஜேசிபி கிளறப்போகும் மண்ணைப் பற்றி இப்போதே பேசிவிட வேண்டும் என்பது என் கட்சி. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட ஊர் செஞ்சி. 1714-ல் ராஜா தேசிங்கு மாண்டது இங்கேதான். பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தார்கள். கோட்டையைத் தொல்லியல் துறை காக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. மதிலுக்கு வெளியே புதையுண்டவர்களுக்கு யார் பொறுப்பு?

இதற்கு இரண்டு ஊர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. ஒன்று லண்டன், மற்றொன்று பல்லாவரம்.

லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தை ஒட்டி செயின்ட் ஜேம்ஸ் தோட்டம் என்றொரு பூங்கா இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1853 வரை அது இடுகாடு. அதிவேக ரயிலுக்காக நிலையத்தை விரிவாக்க இந்த இடம் தேவைப்பட்டது. உடனே பொக்லைன் இறங்கிவிடவில்லை. 2018-ல் அகழாய்வாளர்கள் பெரிய கூரையொன்றைப் போட்டுக்கொண்டு, பல்லாயிரம் பேரின் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து எடுத்தார்கள். செலவு ரயில் திட்டத்தின் தலையில்.

ஆஸ்திரேலியாவை முதன்முதலில் கப்பலில் சுற்றி வரைபடம் தந்த மேத்யூ ஃபிளின்டர்ஸ் 1814-ல் அங்கே அடக்கம் செய்யப்பட்டவர். அவர் கல்லறை இருந்த இடமே மறந்துபோயிருந்தது. 2019 ஜனவரியில் சவப்பெட்டியின் மார்புப் பக்கத்தில் பதித்திருந்த ஈயத் தகடு அவரைக் காட்டிக்கொடுத்தது. மட்டமான தகரத்தில் பெயர் எழுதியவர்களின் பெயரைத் துரு தின்றுவிட, ஈயம் வாங்க வசதியிருந்தவர் பெயரோடு மிஞ்சினார். பெயரில்லாத ஏழைகளைப் பற்றிப் பேச அவர்களுடைய பல்லும் முதுகெலும்பும்தான் உண்டு. என்னைக் கேட்டால், ஃபிளின்டர்ஸைவிட அவர்களுக்காகத்தான் அந்த உழைப்பு தகும். அவரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. அவர்களுக்கு வேறு சாட்சியே கிடையாது.

லண்டன் கதையிலும் குறை உண்டு. பூங்கா போனது, மரங்கள் போயின. எலும்புகளை ப்ரூக்வுட் இடுகாட்டுக்கு மாற்றி முடித்தபின், 2023-ல் யூஸ்டன் நிலையப் பணியையே நிறுத்திவைத்தார்கள். ஃபிளின்டர்ஸ் மட்டும் 2024 ஜூலையில் சொந்த ஊரான டோனிங்டனுக்குத் திரும்பினார்.

இனிப் பல்லாவரம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவி கண்டெடுத்த மண். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அலெக்சாண்டர் ரீ இங்கே சுடுமண் ஈமப்பேழையையும் கண்டறிந்தார். வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்து, தொட்டி போலச் செய்து சுட்ட பேழை. அதற்குள் இறந்தவரின் எலும்பு. பெயர்த் தகடு ஏது? செய்தவர் கைப்பக்குவம்தான் அடையாளம். பெருங்கற்கால மக்களின் இடுகாடு அது. இன்று அதைச் சுற்றி விமான நிலையமும் குடியிருப்பும் நெருக்குகின்றன.

இங்கே சட்டம் எதிர்த்திசையில் இழுக்கிறது. 2010-ல் திருத்திய தொல்சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கடன் வாங்கி மனை வாங்கியவர்கள் அனுமதிக்காக அலைந்ததைப் பல்லாவரத்துக்காரர்கள் சொல்லக் கேட்கலாம். அவர்கள் கோபம் நியாயமானது. தடை இல்லாதிருந்தால் அந்த இடுகாடு என்றோ காணாமல் போயிருக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

ஆனால் அந்த 300 மீட்டர் தாண்டினால்? அறிவிக்கப்படாத நிலத்தில் கல்வட்டமும் தாழியும் கிடந்தால், தோண்டும் முன்பு ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்று கட்டுபவரைக் கட்டாயப்படுத்தும் பொதுவிதி நம்மிடம் இல்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பொருள் கிடைத்த பிறகு ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அதற்குள் பொக்லைன் பல் பட்டுத் தாழி நொறுங்கியிருக்கும். எந்த ஆழத்தில், எந்தத் திசை நோக்கி, எதனோடு சேர்ந்து இருந்தது என்பதெல்லாம் மண்ணோடு போயிருக்கும். ஆய்வாளருக்கு வேண்டியது பானையைவிட அந்த விவரம்தான்.

லண்டனில் தோண்டிப் பதிந்துவிட்டுக் கட்டுகிறார்கள். பல்லாவரத்தில் தொடாதே என்கிறோம். தொடாதே என்று சொல்லாத இடத்தில் நமக்கு வழிமுறையே கிடையாது. செஞ்சிக் கோட்டைக்குப் பல்லாவரத்து வழி பொருந்தும், அது அசையக் கூடாதது. ரயில் பாதைக்கு லண்டன் வழிதான் வேண்டும். நிலம் கையகப்படுத்தும் முன்பே தொல்லியல் ஆட்கள் பாதை நெடுகிலும் நடந்து பார்க்க வேண்டும். எந்த மேட்டில் யாரைப் புதைத்ததாகச் சொல்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்களையும் வெட்டியானையும் கேட்டு, சர்வே எண்ணோடு குறிக்க வேண்டும். சந்தேகமான இடங்களில் சோதனைக் குழி போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான பணத்தைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். ரயில் தாமதமாவதில் செஞ்சிக்குக் கிடைத்த ஒரே லாபம், இதற்கெல்லாம் இன்னும் நேரம் இருப்பதுதான்.